வயது ஏறினால்தான் மாரடைப்பா? 38 வயதுக்காரர் ஒருவரின் கேள்விக்கு என் பதில்

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு வயது 38. அலுவலகப் பரிசோதனையில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் (தமனிகளில் படியும் 'கெட்ட' கொழுப்பு) 168, ரத்த அழுத்தம் 138/88. தினமும் நான்கைந்து சிகரெட். உங்கள் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆனால் பரிசோதனை மையத்துக் கணினி உங்கள் வயதையும் மற்ற எண்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அடுத்த பத்து ஆண்டுகளில் ஆபத்து குறைவு என்று பச்சை நிறத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. 81 வயதான பெரியப்பா பீடியும் கையுமாக இன்றும் தோட்டத்துக்குப் போய்வருகிறார். ஆகவே, "வயதுதான் பெரிய காரணம், அதை மாற்ற முடியாது, மற்றதையெல்லாம் ஐம்பதுக்கு மேல் பார்த்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வயது தானே ஒரு காரணமா, அல்லது மற்ற காரணங்கள் தம் வேலையைச் செய்து முடிக்க எடுத்துக்கொள்ளும் காலமா? அதற்கு விடை தெரிந்தால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

நான் பொது மருத்துவம் படித்து, பிறகு இதய நோய்ப் பிரிவில் 27 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் பதில் இதுதான்: வயதுக்கென்று தனிப் பங்கு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, ரத்தக்குழாய் எத்தனை ஆண்டுகள் எதைச் சுமந்தது என்ற கணக்கு. அந்தக் கணக்கு ஐம்பதில் தொடங்குவதில்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராமிங்காம் என்ற ஊரில் 1948-ல் 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்விலிருந்து இன்றுவரை, எந்த ஆய்வை எடுத்தாலும் மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வதில் வயதுக்கு நிகரான எண் வேறில்லை. உங்கள் மையத்துக் கணினி தவறாகக் கணக்குப் போடவில்லை. ஆனால் 1953-ல் வெளியான இன்னொரு கண்டுபிடிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினருக்கு இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. பலருக்கு அது வெறும் தொடக்கம்தான், ஆனாலும் தொடங்கிவிட்டிருந்தது. ஏரியில் வண்டல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆண்டு மழையில் எவ்வளவு மண் வந்து சேர்ந்தது என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. முப்பது ஆண்டு கழித்து ஒரு மழைக்குக் கரை உடையும்போது, அந்த ஒரு மழையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள்.

வயது மட்டுமே காரணமென்றால், உலகெங்கும் 75 வயதுக்காரர்களின் தமனிகள் ஒரேபோல் இருக்க வேண்டும். அப்படி இல்லை. பொலிவியாவின் அமேசான் காட்டுப்பகுதியில் சிமானே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் 705 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்துத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று பார்த்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. 85 சதவீதம் பேருக்குப் படிவே இல்லை. 75 வயதைத் தாண்டியவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இல்லை. அவர்களின் எல்டிஎல் சராசரி 90-ஐ ஒட்டி இருந்தது. ஆண்கள் நாளுக்கு ஆறேழு மணி நேரம் உடலால் உழைக்கிறார்கள். அவர்களைப் போல வாழுங்கள் என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. அவர்களுக்குத் தொற்றுநோய்களின் சுமை மிக அதிகம், அந்த வாழ்க்கையை யாரும் விரும்பி ஏற்க மாட்டார்கள். 75 வயது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் தமனி அடைபட்டாக வேண்டியதில்லை என்பதற்கு அவர்கள் சாட்சி.

இன்னொரு சாட்சி மரபணுவிலிருந்து வருகிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறப்பவர்களுக்கு எல்டிஎல் பிறவியிலிருந்தே குறைவு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றம் உள்ளவர்களின் எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்தது. அதாவது கிட்டத்தட்ட 38 புள்ளிகள். ஆனால் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது! நடுவயதில் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்து அதே அளவு எல்டிஎல்லைக் குறைத்து ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளில் கிடைத்த பயன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான். அந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான், ஆகவே 88 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசையில் எனக்குச் சந்தேகமில்லை. குறைந்த அளவு எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. இதற்கு நேரெதிர், குடும்ப வழியில் வரும் மிகை கொலஸ்ட்ரால். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் மிகுந்திருப்பதால், சிகிச்சை எடுக்காத ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். அவர்களின் தமனிகள், வயதை நமக்கு முன்பே எண்ணத் தொடங்கிவிட்டவை.

இப்போது நீங்கள் கேட்ட "ஐம்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாமா" என்பதற்கு வருகிறேன். படித்தவர்களும், சில வேளைகளில் மருத்துவர்களும்கூட, இதில்தான் தடுமாறுகிறார்கள். ஏறத்தாழ 9 லட்சம் பேரின் தகவல்களைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. மொத்த கொலஸ்ட்ரால் 39 புள்ளிகள் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோயால் மரணம் எவ்வளவு குறைந்திருந்தது என்று வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 40-களில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. 50, 60-களில் மூன்றில் ஒரு பங்கு. 70-ஐத் தாண்டினால் ஆறில் ஒரு பங்கு. ரத்த அழுத்தத்திலும் இதே சாயல்தான். 40 முதல் 69 வயது வரை, மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் மரண ஆபத்து இரட்டிப்பாகிறது. 80-களில் அந்த ஏற்றம் பாதி வேகத்துக்கு வந்துவிடுகிறது. அந்த ஏற்றம் 140-ல் தொடங்கவில்லை, 115-லிருந்தே தொடங்குகிறது என்பதையும் 138 என்ற எண்ணை வைத்திருக்கும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இதைப் படிப்பவர், அப்படியானால் முதுமையில் கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் முக்கியமில்லை என்று நினைத்துவிடலாம். அது தவறு. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40-களில் ஆயிரம் பேரில் நான்கு பேர் இறக்கும் இடத்தில் பாதியைத் தடுத்தால் இரண்டு உயிர் மிஞ்சும். 70-களில் ஆயிரம் பேரில் அறுபது பேர் இறக்கும் இடத்தில் ஆறில் ஒரு பங்கைத் தடுத்தாலே பத்து உயிர் மிஞ்சும். ஆக, ஒவ்வொரு காரணத்தின் வலிமை இளமையில் அதிகம். அதைக் குறைப்பதால் உடனடியாகத் தப்பிப்பவர்களின் எண்ணிக்கை முதுமையில் அதிகம். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. உங்கள் கணினி இரண்டாவதை மட்டுமே கணக்கிட்டது. பத்து ஆண்டு என்ற சன்னல் வழியாகப் பார்த்தால், 38 வயதில் எத்தனை கோளாறு இருந்தாலும் பெரும்பாலும் பச்சை விளக்குதான் எரியும். உங்களுக்கு வேண்டியது முப்பது ஆண்டுக் கணக்கு. அமெரிக்க இதய சங்கம் 2023-ல் வெளியிட்ட புதிய கணக்கில், 30 முதல் 59 வயதுள்ளவர்களுக்கு முப்பது ஆண்டு ஆபத்தையும் கணிக்கும் வசதி இருக்கிறது. அது நம் மக்களிடம் எடுத்த தகவல்களிலிருந்து உருவானதன்று, ஆகவே அதில் வரும் எண்ணை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கேள்வியையாவது அது கேட்கிறது.

நம் மக்கள் என்றதால் சொல்கிறேன். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் வயது மற்ற நாடுகளில் 59-ஐ ஒட்டி இருக்க, தெற்காசியர்களுக்கு அது 53 ஆக இருந்தது. நம் ரத்தத்திலேயே ஏதோ தனிக் கோளாறு இருக்கிறது என்று இதை வைத்துப் பலர் சொல்கிறார்கள். அதே ஆய்வின் தகவல்கள் சொல்வது வேறு. புகை, கொழுப்பு விகிதம், ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பதையும் கொண்டே உலகெங்கும் ஆண்களில் 90 சதவீத ஆபத்தையும் பெண்களில் 94 சதவீத ஆபத்தையும் விளக்க முடிந்தது. தெற்காசியாவிலும் இதே காரணங்கள்தான், ஆனால் அவை நம்மிடம் இளம் வயதிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. உங்கள் தந்தையின் தலைமுறையைப் பற்றிப் பேசும் எண் இது. அவருக்கு 52-ல் வந்தது விதிவிலக்கு இல்லை. இதில் சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் செய்த ஆய்வு ஒன்று, சர்க்கரை நோய் ஒருவரின் இதய ஆபத்தை ஏறத்தாழ 15 வயது முன்னே தள்ளிவிடுகிறது என்று கணக்கிட்டது. நீங்கள் கொடுத்த பட்டியலில் சர்க்கரை அளவைக் காணவில்லை. அதைப் பார்த்தாக வேண்டும்.

பெரியப்பாவைப் பற்றி. அவர் நலமாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்த அவர் வயதுக்காரர்கள் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். தப்பியவரைத்தான் நாம் பார்க்கிறோம், போனவர்கள் எதிரே வந்து நிற்பதில்லை. புகையின் பாதிப்பு இளம் வயதினரிடம்தான் மிகக் கடுமையாகத் தெரிகிறது. நாற்பதுக்குக் கீழே மாரடைப்போடு எங்கள் பிரிவுக்கு வரும் ஆண்களில் புகைக்காதவரைக் காண்பது அரிது. பிரிட்டனில் 1951-ல் ரிச்சர்ட் டால் தொடங்கி, மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்று காட்டியது. அதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அடுத்தது. 60 வயதில் நிறுத்தியவர்கள் 3 ஆண்டுகளை மீட்டார்கள், 50-ல் நிறுத்தியவர்கள் 6, 40-ல் நிறுத்தியவர்கள் 9. உங்களுக்கு இப்போது 38. நான்கைந்துதானே என்று நினைக்காதீர்கள். இதயத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு ஒரு சிகரெட்டுக்கும் இருபதுக்கும் உள்ள இடைவெளி நாம் நினைப்பதைவிட மிகக் குறுகியது.

வயதைப் பற்றிய தவறான எண்ணம் உயிரை எடுக்கும் இன்னோர் இடமும் உண்டு. நான் மேற்படிப்பு மாணவனாக இருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு ஒரு லாரி ஓட்டுநர் நெஞ்சு எரிச்சல் என்று வந்தார். சீட்டில் 31 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததுமே வாயுத் தொல்லை என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. ஊசி போட்டு அனுப்பச் சொன்னேன். பணியில் இருந்த மூத்த செவிலியர்தான், "டாக்டர், சட்டை முழுக்க வியர்வையாக இருக்கிறது, ஒரு ஈசிஜி எடுத்துவிடலாமே" என்றார். எடுத்தோம். இதயத்தின் முன்புறத் தமனி முழுதாக அடைபட்டிருந்தது. அவர் பிழைத்தார். அந்தச் செவிலியர் ஓய்வுபெற்றுவிட்டார், அவருக்கு நான் பட்ட கடன் அப்படியே இருக்கிறது. முதியவர்களிடம் இது தலைகீழாக நடக்கிறது. 80 வயதில் மாரடைப்பு பல நேரம் நெஞ்சு வலியாக வருவதில்லை. திடீர் மூச்சிரைப்பு, மயக்கம், காரணமில்லாத சோர்வு, குழப்பமான பேச்சு என்று வரும். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். நெஞ்சில் இறுக்கமோ, கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலியோ, வியர்வையோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், வயது எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்த பிறகு வாயுவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வயதுக்கு உண்மையிலேயே தனிப் பங்கு உள்ள இடங்களும் இருக்கின்றன. மகாதமனி ஆண்டுகள் போகப் போக ரப்பர் தன்மையை இழந்து விறைக்கிறது. அதனால் ஐம்பதுகளுக்குப் பிறகு ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறிக்கொண்டே போக, கீழ் எண் இறங்குகிறது. "கீழே 70தான் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்ளும் முதியவர்கள் மேலே இருக்கும் 165-ஐப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஒன்பது பத்து ஆண்டுகள் தாமதமாக வருகிறது. மாதவிலக்கு நின்றபின் அந்த இடைவெளி சுருங்குகிறது. ஈஸ்ட்ரோஜன்தான் காப்பாற்றுகிறது என்று நினைத்து அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வு, நன்மையைவிடத் தீமை மிகுந்ததால் 2002-ல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது.

சந்தேகத்துக்குரியவற்றைத் தனியே வைக்கிறேன். வயது ஏற ஏற எலும்பு மஜ்ஜையில் சில ரத்த அணுக்கள் மரபணு மாற்றம் பெற்றுத் தனிக் கூட்டமாகப் பெருகுவதும், அப்படி உள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவதும் தெரிந்திருக்கிறது. அவைதான் நோயை உண்டாக்குகின்றன என்பது எலிகளில் காட்டப்பட்டது. மனிதரிடம் அதைத் தடுத்தால் பயன் உண்டா என்பது முடிவாகவில்லை. இளைஞர்களுக்கு மாற்றுக் கிளைக்குழாய்கள் வளர்ந்திருக்காது, அதனால்தான் முதல் அடைப்பிலேயே இறக்கிறார்கள் என்று அடிக்கடி சொல்லப்படுவதில் ஓரளவு நியாயம் உண்டு, ஆனால் அதை விதியாகச் சொல்ல நான் தயாரில்லை. மாரடைப்பே வராத 75 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக ஸ்டாட்டின் தொடங்கலாமா என்பதில் மருத்துவர்கள் ஒரே கருத்தில் இல்லை. அதே வயதில் ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுப்பது பயன் தரும் என்பது, 80 வயது தாண்டியவர்களிடமே நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில் உறுதியாகிவிட்டது. இதய நோய் இல்லாத முதியவர்கள் ஆஸ்பிரினைத் தாமாக விழுங்குவது வேண்டாம். 70 வயதையொட்டியும் அதைத் தாண்டியும் இருந்த 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் ரத்தக்கசிவுதான் கூடியது. கொரோனா தடுப்பூசியால்தான் இளைஞர்கள் சாகிறார்களா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 18 முதல் 45 வயதினரின் திடீர் மரணங்களை நாட்டின் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-ல் சொன்னது, தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்பதுதான். குடும்பத்தில் திடீர் மரணம், இறப்புக்கு முந்தைய இரண்டு நாட்களில் அளவுமீறிய குடி, கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது ஆகியவைதான் அங்கே தெரிந்தன.

உங்கள் உடலைத் தொட்டுப் பார்க்காமல், ஈசிஜியைக் காணாமல் நான் மருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் இவற்றைக் கேட்பேன். சிகரெட்டை நிறுத்தும் தேதி எது? ரத்த அழுத்தத்தை ஒரு வாரம் வீட்டில், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் அளந்து எழுதி வர முடியுமா? வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் எவ்வளவு? இவற்றோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பேன். ஆய்வகத்தில் 'லிப்போபுரோட்டீன் ஸ்மால் ஏ' என்று கேட்டால் புரியும். அது பெரும்பாலும் மரபணுவால் தீர்மானமாகிறது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உங்கள் 168-ஐ நான் இன்னும் கடுமையாகப் பார்ப்பேன். ஆண் உறவினருக்கு 55 வயதுக்குள் வந்த மாரடைப்பைக் குடும்ப ஆபத்தாகக் கணக்கில் எடுக்கிறோம். உங்கள் தந்தையின் 52 அதற்குள் வருகிறது. அவருடைய பழைய கோப்பில், ஸ்டென்ட் வைப்பதற்கு முன் எடுத்த எல்டிஎல் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். 190-க்கு மேல் இருந்திருந்தால், மேலே சொன்ன குடும்ப வழிக் கொலஸ்ட்ராலைப் பற்றி உங்கள் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவருக்குப் பரிசோதனை செய்ததாக எழுதவில்லை. அவருக்கும் அதே தந்தைதான். அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.